151 குழி நிலமும் ஒரு மாலும்: கணக்கு எங்கே உதைக்கிறது?

புதுச்சேரியில் கொஞ்சம் பெரிய காலி இடம் கண்ணில் பட்டால் போதும், "அங்க மால் வரப் போகுதாம்" என்ற பேச்சு கிளம்பிவிடும். மூடிய மில்லாக இருக்கலாம், ஓடாத சினிமா தியேட்டராக இருக்கலாம், வழக்கில் கிடக்கும் தோட்ட வீடாகவும் இருக்கலாம். பேச்சு கிளம்பியதும் ஊர் மூன்றாகப் பிரியும். "நமக்கும் சென்னை மாதிரி ஒண்ணு வேணாமா?" என்பது ஒரு கட்சி. "நேரு வீதி அவ்வளவுதான்" என்று பழைய கடைவீதிக்காகக் கவலைப்படுவது இன்னொரு கட்சி. "முதல்ல வண்டி நிறுத்த இடம் காட்டுங்க" என்பது மூன்றாவது.

இந்தச் சண்டையில் எஃப்.எஸ்.ஐ., ஆங்கர், மினிமம் கேரண்டி, லாக்-இன் என்று பல சொற்கள் விளக்கமில்லாமல் வந்து போகின்றன. அவற்றை அடியிலிருந்து பார்ப்போம். எளிதாகப் புரிய, நகரின் நடுவே 2 ஏக்கர் நிலம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் அந்தக் கற்பனை நிலத்துக்கானது. எந்தத் திட்டத்தின் உண்மைக் கணக்கும் இல்லை. சட்டம், ஆண்டு, அளவு ஆகியவை மட்டும் உள்ளது உள்ளபடி.

நகரின் நடு என்றால் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கே அண்ணா சாலை, வடக்கே படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடல். இந்த முட்டை வடிவத்துக்குள் இருக்கும் பழைய நகரைத்தான் இங்கே நடு என்கிறோம். இப்போதுள்ள பிராவிடன்ஸ் மால் கடலூர் சாலையில், இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. வட்டத்துக்குள் வந்தால் கதையே வேறு.

மால் விற்பது வாடகையை

நேரு வீதியில் நூற்றுக்கணக்கான கடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு உரிமையாளர், ஒரு வாடகைதாரர், தனித்தனி ஒப்பந்தம். பக்கத்துக் கடையில் என்ன விற்க வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பெரிய மார்க்கெட்டில் கட்டடம் நகராட்சியுடையது. வியாபாரம் பரம்பரையாகக் கைமாறி வருவது.

மாலில் மொத்த இடமும் ஒரே கையில் இருக்கும். எந்தத் தளத்தில் செருப்பு, எந்தத் தளத்தில் சாப்பாடு, நகைக்கடைக்கு எதிரே எது வரலாம், எது வரக் கூடாது என்பதையெல்லாம் அந்த ஒரு கை தீர்மானிக்கும். அந்த முதலாளி சட்டையும் விற்கவில்லை, சினிமா டிக்கெட்டும் விற்கவில்லை. மக்கள் நடமாட்டத்தை உண்டாக்கி, அந்த நடமாட்டத்தைச் சதுர அடிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார். பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் விடை இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இன்றைய மாலின் தாத்தா அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1956ல் திறக்கப்பட்ட சவுத்டேல் சென்டர். வடிவமைத்தவர் ஆஸ்திரியாவிலிருந்து போன விக்டர் க்ரூன். வாங்க வந்ததை மறந்துவிட்டு, வேடிக்கை பார்த்தபடியே வாங்கத் தொடங்கும் அந்த மயக்கத்துக்கு 'க்ரூன் மாற்றம்' என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் ஊர் மால்களிலும் அதே வித்தைதான்: மேலே ஏற ஒரு எஸ்கலேட்டர், அடுத்த தளத்துக்கு ஏற வேண்டுமானால் பாதிச் சுற்று நடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். நடக்கும் வழியில் கடைகள். சினிமாவும் சாப்பாடும் உச்சித் தளத்தில் இருப்பதும் இதற்காகவே. இந்தியாவுக்கு இந்த வகை மால்கள் 1999 வாக்கில், டெல்லியின் அன்சால் பிளாசா, மும்பையின் கிராஸ்ரோட்ஸ் வழியாக வந்தன.

ஒரே கட்டடம், நான்கு அளவுகள்

செய்தியில் "இவ்வளவு லட்சம் சதுர அடி" என்று வந்தால், எந்தச் சதுர அடி என்று கேட்க வேண்டும். ஒரே கட்டடத்துக்கு நான்கு அளவுகள் உண்டு.

1. நில அளவு. நம் பத்திரங்களில் குழியும் வீசமும்தான் பேச்சு. ஒரு குழி 576 சதுர அடி. 2 ஏக்கர் என்பது 87,120 சதுர அடி, அதாவது சுமார் 151 குழி.

2. எஃப்.எஸ்.ஐ. நிலத்தைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற வரம்பு. 2 என்று வைத்துக்கொண்டால், 1,74,240 சதுர அடி கட்டலாம். வாகன நிறுத்தத்துக்கான அடித்தளத்தைப் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

3. மொத்தக் கட்டுமானப் பரப்பு. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பார்ப்பது இதைத்தான். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் என்றால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அடித்தளமும் இதர சேவைப் பகுதிகளும் இந்தக் கணக்கில் சேரும் என்று 2011ல் திருத்தம் செய்து தெளிவாக்கினார்கள்.

4. வாடகைப் பரப்பும் கார்ப்பெட் பரப்பும். கடைக்காரர் 1,000 சதுர அடிக்கு வாடகை கொடுப்பார். ஷட்டருக்கு உள்ளே அளந்தால் வருவது கார்ப்பெட் பரப்பு, அது 600 இருக்கலாம். மீதி 400, நடைபாதையிலும் எஸ்கலேட்டரிலும் கழிப்பறையிலும் அவர் பங்கு.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃப்.எஸ்.ஐ. கணக்கில் நம் மால் 16,187 சதுர மீட்டர், 20,000க்குக் கீழே. தலா 60,000 சதுர அடியில் இரண்டு அடித்தளம் சேர்ந்தால் மொத்தம் 2,94,240 சதுர அடி, அதாவது 27,336 சதுர மீட்டர். வரம்பைத் தாண்டிவிட்டது. "20,000க்குள்ளதான் கட்டறோம்" என்று ஒருவர் சொல்வதும், "தாண்டிடுச்சு" என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே கட்டடத்தைப் பற்றியதாக இருக்க முடியும்.

கடைக்காரர் கொடுப்பது எவ்வளவு?

மாலில் கடை எடுப்பவருக்கு முதலில் வருவது விருப்பக் கடிதம், பிறகு பதிவு செய்த குத்தகை ஒப்பந்தம். வெளியே பல கடைகளுக்கு 11 மாத ஒப்பந்தம் போடுவார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் பிறந்த பழக்கம் அது. மாலில் 9 ஆண்டு என்பது சாதாரணம். மூன்றாண்டுக்கு ஒருமுறை வாடகை ஏறும். லாக்-இன் என்பது அதற்குள் காலி செய்ய முடியாத காலம். செய்தால் மீதி மாத வாடகையையும் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

வாடகை இரண்டு தலை கொண்டது. மினிமம் கேரண்டி, வியாபாரம் ஆனாலும் ஆகாவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டிய தொகை. இன்னொன்று விற்பனையில் பங்கு. இரண்டில் எது அதிகமோ அது வாடகை.

ஒரு ரெடிமேட் கடையை எடுத்துக்கொள்வோம். வாடகைப் பரப்பு 1,000 சதுர அடி. சதுர அடிக்கு 80 ரூபாய் கேரண்டி, அல்லது விற்பனையில் 12 விழுக்காடு. மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 20.

ஆடி போய், ஆவணி போய், வியாபாரம் சுமாரான ஒரு மாதம்: விற்பனை 5 லட்சம். 12 விழுக்காடு என்றால் 60,000தான். கேரண்டி 80,000 ஆயிற்றே, அதைத்தான் கொடுக்க வேண்டும். மெயின்டனன்ஸ் 20,000. ஆக ஒரு லட்சம். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 18,000. கைவிட்டுப் போவது 1,18,000. விற்பனையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. முறையான ஜிஎஸ்டி பதிவுள்ளவர் அந்த 18,000ஐ வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம். குறைந்த வீதத்தில் மொத்தமாக வரி கட்டும் காம்பொசிஷன் முறையில் உள்ள சின்ன வியாபாரிக்கு அந்த வழியும் இல்லை.

தீபாவளி மாதம் விற்பனை 10 லட்சம் என்றால் 12 விழுக்காடு 1,20,000. கேரண்டியை விட அதிகம். அதைக் கொடுக்க வேண்டும். நட்டத்தில் கூட்டு இல்லை, லாபத்தில் மட்டும் கூட்டு. இன்னொரு விஷயம்: விற்பனையில் பங்கு என்றால் கடையின் பில்லிங் விவரம் தினமும் மால் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு கடையின் வியாபாரம் எப்படி என்பது கடைக்காரருக்குத் தெரியும்போதே மால் நிர்வாகத்துக்கும் தெரிந்துவிடும். நேரு வீதியில் எந்த வீட்டுக்காரரும் கனவில்கூட நினைக்காத வசதி இது.

இதே மாலில் சூப்பர் மார்க்கெட்டும் சினிமாவும் சதுர அடிக்கு இதில் பாதிகூடக் கொடுக்காது. இவைதான் ஆங்கர். தமிழில் நங்கூரம் என்று சொல்லலாம், ஆனால் உவமை சரியாகப் பொருந்தவில்லை. நங்கூரம் கப்பலை நிறுத்தும், இவை ஆட்களை இழுத்து வரும். கூட்டத்தைக் கூட்டி வருவதால் அவற்றுக்குச் சலுகை. அந்தக் கூட்டத்தை நம்பி வரும் சின்னக் கடைக்கு முழு விலை. சதுர அடிக்கு எல்லாரையும் விட அதிகம் கொடுப்பது வழியில் நிற்கும் செல்போன் கவர் வண்டியாகவும் சோளப் பொரி வண்டியாகவும்தான் இருக்கும்.

முதலாளியின் கணக்கு உதைக்கும் இடம்

இனி முதலாளி பக்கம் வருவோம். 1,74,240 சதுர அடியும் முழுக்க வாடகைக்குப் போய்விட்டதாகவும், ஆங்கரையும் சின்னக் கடையையும் கலந்து சராசரி 60 ரூபாய் கிடைப்பதாகவும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மாதம் 1.05 கோடி. ஆண்டுக்கு 12.5 கோடி.

கட்டுமானம்: 2,94,240 சதுர அடி, சதுர அடிக்கு 3,500 ரூபாய் என்றால் 103 கோடி. 103 கோடி போட்டு ஆண்டுக்கு 12.5 கோடி. 12 விழுக்காடு, பரவாயில்லையே என்று தோன்றும்.

நிலத்தை மறந்துவிட்டோம். நகரின் நடுவே சதுர அடி 10,000 ரூபாய் என்று வைத்தால்கூட 87,120 சதுர அடிக்கு 87 கோடி. மொத்த முதலீடு 190 கோடி. வருமானம் அதே 12.5 கோடி. இப்போது 6.6 விழுக்காடு. வங்கிக் கடனுக்கு 9, 10 விழுக்காடு வட்டி கட்டும் காலத்தில் இது நிற்காது. கட்டி முடிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளின் வட்டியை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

நடு நகரில் சந்தை விலைக்கு நிலம் வாங்கி, சட்டப்படி கட்டி, வாடகைக்கு விட்டு மட்டும் பெரிய மால் நடத்துவது கடினம். ஆனாலும் மால்கள் எழும்புகின்றன என்றால், கணக்கை நேராக்க ஏதோ ஒரு வழி கிடைத்திருக்கிறது. வழிகள் மூன்று. ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டால், இந்த மூன்றில் எது என்று கேட்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். "மால் வேண்டுமா வேண்டாமா" என்பது அதற்குப் பிறகு.

முதல் வழி: நிலம் மலிவாகக் கிடைப்பது

மலிவாக நிலம் தரக்கூடியவர் அரசு ஒருவர்தான். அதனால்தான் மில் நிலங்களைச் சுற்றி இந்தப் பேச்சு ஓயாது. 1898ல் தொடங்கிய ஏ.எஃப்.டி., ஊரார் வாயில் ரோடியர் மில், 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. சவானா என்று பழையவர்கள் சொல்லும் சுதேசி மில்லும் பாரதி மில்லும் ஓய்ந்துவிட்டன. இவை வெறும் நிலமில்லை. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் உயிரிழந்தார்கள். எட்டு மணி நேர வேலை இந்த ஊருக்கு அந்தப் போராட்டத்தின் வழியே வந்தது.

மில் நிலம் மாலாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பையைப் பார்க்க வேண்டும். 1982ல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அங்கே மில்கள் ஒவ்வொன்றாய் நின்றன. நகரின் நடுவே நூற்றுக்கணக்கான ஏக்கர். 1991ல் கொண்டுவந்த 58ஆம் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி, நிலத்தைத் தோராயமாக மூன்று கூறாகப் பிரித்தது: ஒன்று நகருக்குத் திறந்தவெளியாக, ஒன்று பொது வீட்டுவசதிக்கு, ஒன்று உரிமையாளருக்கு. 2001ல் ஒரு திருத்தம் வந்தது. பங்கு பிரிப்பது மில் வளாகத்தில் ஏற்கெனவே காலியாக உள்ள நிலத்துக்கு மட்டும். கட்டடம் நின்ற நிலம் கணக்கில் வராது. மில் வளாகம் என்றாலே பெரும்பகுதி ஷெட்டுகள்தானே. நகருக்குக் கிடைக்க வேண்டியது மூன்றில் ஒன்றிலிருந்து சின்னத் துண்டாகச் சுருங்கியது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2005ல் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் திருத்தத்தைச் செல்லும் என்றது. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று மால் நிற்கிறது.

அங்கே நிலத்தை யாரும் திருடவில்லை. "காலி நிலம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை மாற்றினார்கள். நம் ஊரில் அரசு நிலத்தில் வளாகம் என்று அறிவிப்பு வந்தால் படிக்க வேண்டியது திறப்பு விழாத் தேதியை அல்ல. விற்பனையா, குத்தகையா? குத்தகை எத்தனை ஆண்டு? முடிந்ததும் கட்டடம் யாருடையது? வாடகை நிலையானதா, மாலின் வருமானத்தில் பங்கா? மால் முதலாளி கடைக்காரரிடம் விற்பனையில் பங்கு கேட்கிறார் அல்லவா? அரசு அவரிடம் அதையே கேட்டால் தவறில்லை.

இரண்டாம் வழி: கூடுதல் எஃப்.எஸ்.ஐ.

நிலத்தின் விலை மாறாது. அதன்மேல் கட்டும் பரப்பைக் கூட்டினால் சதுர அடிக்கு விழும் நிலச் செலவு குறையும். பிரீமியம் என்ற கட்டணத்தை அரசுக்குக் கட்டிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்குவது பல ஊர்களில் நடைமுறை. பிரச்சினை, நிலம் அப்படியே இருப்பதைப் போல முன்னால் இருக்கும் வீதியும் அப்படியே இருப்பது.

நம் மாலின் இரண்டு அடித்தளத்தையும் முழுக்க வாகனங்களுக்கே விட்டுவிட்டோம் என்று வையுங்கள். அடித்தளத்தில் ஒரு காருக்கு, வழியும் திருப்பமும் சேர்த்து, 32 சதுர மீட்டர் என்பது நகரமைப்பு வழிகாட்டி அளவு. 1,20,000 சதுர அடியில் 348 கார்கள். 100 சதுர மீட்டர் கடைக்கு 2 கார் என்ற விதி இருந்தால் தேவை 324. காகிதத்தில் பாஸ்.

சனிக்கிழமை மாலைக்கு வருவோம்.

1. சினிமாவும் சாப்பாடும் சேர்ந்து ஒரு கார் சராசரி மூன்று மணி நேரம் நிற்கும்.

2. 348 இடமும் நிரம்பிவிட்டால், மணிக்கு 116 கார் வெளியேறும். 116தான் உள்ளே போக முடியும்.

3. ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்குள் 300 கார் வந்தால் 184 கார் வெளியே.

4. ஒரு காருக்கு 6 மீட்டர் என்றால் வரிசை 1,100 மீட்டர்.

கேட்டில் எத்தனை வேகமாக டோக்கன் கொடுத்தாலும் இது மாறாது. வரிசை ஒரு கிலோமீட்டர் நீள்வதற்குள் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள், அது உண்மை. எங்கே திரும்புவார்கள்? பழைய நகரின் வீதிகள் நூல் பிடித்தாற்போல் ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை. ஒரு வீதியில் வண்டி நின்றால் அடுத்தடுத்த நான்கு முனைகளும் நிற்கும். சென்னை, பெங்களூர் வண்டிகள் கடற்கரையைத் தேடி வந்து சேரும் அதே நேரம் இது. எஃப்.எஸ்.ஐ. பிரீமியம் அரசுக் கணக்குக்குப் போகும். இந்த நெரிசலின் செலவு மிஷன் வீதியில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பவரின் பெட்ரோலில் போகும்.

அடித்தளத்துக்கே ஒரு செலவு உண்டு. கடலோர மணற்பாங்கான மண்ணில் இரண்டு தளம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். தளம் போட்டு முடியும் வரை மாதக்கணக்கில் இரவும் பகலும் இறைக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் இறங்கும். கடலோரத்தில் உப்பு நீர் உள்ளே ஏறும் வாய்ப்பும் கூடும். பழைய நகரின் வீடுகள் ஒட்டி ஒட்டிக் கட்டிய சுண்ணாம்புக் காரைச் சுவர்கள். அடிமண் நகர்ந்தால் முதலில் விரிசல் விடுவது அவைதான். இது போதாதென்று மழை வேறு. 2024 நவம்பர் 30ல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று நம் வீதிகள் எப்படி இருந்தன என்று பார்த்தவருக்கு, மழைக்காலத்தில் இரண்டாம் அடித்தளத்தில் வண்டியை விட்டுவிட்டுப் படம் பார்க்க மனசு வராது.

மூன்றாம் வழி: கடைகளை விற்றுவிடுவது

வாடகைக்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு கடையையும் தனித்தனியாக முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டால் போட்ட பணம் உடனே திரும்பும். விளம்பரத்தில் "உறுதியான மாத வருமானம்" என்று வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். கல்ஃப் பணம், ஓய்வூதியப் பணம் எல்லாம் இதில்தான் மாட்டும்.

விற்ற மறுநாளே மால் மாலாக இல்லாமல் போகிறது. ஒரே கை என்று சொன்னோமே, அந்தக் கை விலகிவிட்டது. இருநூறு உரிமையாளர்களில் எழுபது பேர் கடையைப் பூட்டி வைப்பார்கள். சிலர் மெயின்டனன்ஸ் கட்ட மாட்டார்கள். ஏசி ஒரு பக்கம் நிற்கும். ஆங்கர் லாக்-இன் முடிந்த அன்றே பெட்டி கட்டும். சென்னை அண்ணா சாலையின் ஸ்பென்சர் பிளாசா ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக்கே அதிசயம். கடைகள் பல உரிமையாளர்கள் கையில் சிதறியிருந்ததும், எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010ல் திறந்ததும் சேர்ந்து அதன் கூட்டத்தைக் கரைத்தன. 40 விழுக்காட்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் வளாகத்தைப் 'பேய் மால்' என்கிறது சொத்துச் சந்தை ஆலோசனை நிறுவனமான நைட் ஃபிராங்க். அதன் கணக்கில் இந்தியாவின் எட்டுப் பெருநகரங்களில் 2022ல் 57 ஆக இருந்தவை 2023ல் 64 ஆயின.

அடி யாருக்கு விழும்?

"நேரு வீதி அவ்வளவுதான்" என்பது மிகை. பாதிப்பு கடைக்குக் கடை மாறும்.

பெரிய மார்க்கெட்டின் மீனுக்கும் பூவுக்கும் மாலால் ஆபத்தில்லை. வஞ்சிரம் வாங்க யாரும் எஸ்கலேட்டர் ஏறப் போவதில்லை. அந்த மார்க்கெட்டுக்கு வந்த சிக்கல் வேறு, ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இடித்துக் கட்டுவதாகச் சொல்லித் தற்காலிகமாக இடம் மாறச் சொன்னது. ஒருமுறை கிளப்பிய வாடிக்கை திரும்பி வராது என்று வியாபாரிகள் எதிர்த்ததில் நியாயம் உண்டு.

அடி விழுவது நடுவில் இருப்பவருக்கு: ரெடிமேட், செருப்பு, விளையாட்டுச் சாமான், ஃபேன்சி ஸ்டோர். இவர்களுக்கு ஏற்கெனவே ஒரு அடி விழுந்திருக்கிறது. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1ல் வருவதற்கு முன், விற்பனை வரி வித்தியாசத்தால் ஃபிரிட்ஜும் டிவியும் வாங்கக் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பாண்டிக்கு வண்டி கட்டுவார்கள். இப்போது பெட்ரோல், டீசல், மது தவிர மற்றவற்றில் அந்த வித்தியாசம் இல்லை. மஞ்சக்குப்பத்தில் இருப்பவர் 25 கிலோமீட்டர் தாண்டி ஒரு சட்டைக்காக வர வேண்டிய அவசியம் போய்விட்டது. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையிலேயே அதே சட்டை அதே விலைக்குக் கிடைக்கிறது. அவரைத் திரும்ப இழுக்கப் பொருள் போதாது. படம், ஏசி, குழந்தைகளுக்கு விளையாட்டு, வெளியே சாப்பாடு என்று ஒரு முழு மாலைப் பொழுதை விற்க வேண்டும். அதை மால் செய்யும். அப்படி வந்தவர் நேரு வீதிக்கும் ஒரு நடை வருவாரா என்பது மாலின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பொறுத்தது. வீதியைப் பார்த்துக் கடைகள் திறந்தால் வருவார். வீதிக்குக் கண்ணாடிச் சுவரையும், கார் வரும் வழிக்கு வாசலையும் வைத்தால் வர மாட்டார். இரண்டுக்கும் கட்டுமானச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டில் தரையில் துணி விரிப்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பும், வியாபாரிகள் இடம்பெறும் நகர விற்பனைக் குழுவும் இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்த முடியாது; 50 ஆண்டுக்கு மேல் நடக்கும் இயற்கைச் சந்தையை, அதாவது தானாகக் கூடி உருவான சந்தையை, பாரம்பரியச் சந்தையாக அறிவித்து அங்குள்ளவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும் என்றும் அதன் அட்டவணை சொல்கிறது.

வேலைவாய்ப்பு வரும், மறுக்க முடியாது. பெரும்பாலும் விற்பனை, காவல், துப்புரவு. நிற்கும் வேலை. விற்பனையாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அது கடலூரில் செல்லும். யூனியன் பிரதேசமான புதுச்சேரியில் செல்லாது. மாலுக்கு வெளியே, எதிர் வீதியில், அந்தப் பிள்ளைகள் பத்து நிமிடம் உட்கார்ந்து டீ குடிக்கும் கடைக்கு மட்டும் வியாபாரம் நிச்சயம் கூடும்.

யாரிடம் கேட்பது?

கட்டட அனுமதி புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்திடமிருந்து வர வேண்டும்; அடிப்படைச் சட்டம் 1969ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். பாரம்பரியக் கட்டடம் சம்பந்தப்பட்டால் அதற்கான ஆலோசனைக் குழு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. கடல் நீர் ஏறும் உச்ச எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. 20,000 சதுர மீட்டர் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி.

இந்தப் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கும் இடம் எது? தொழிற்சாலை, சுரங்கம் என்றால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. 2006 அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. மால் எத்தனை பெரிதாக இருந்தாலும் மைக் பிடித்துக் கேள்வி கேட்கும் கூட்டம் நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை. வேறு ஊரில் என்றால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006ல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011ல் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்காக நகராட்சியை ஆணையர்தான் நடத்தி வந்தார்.

மிச்சம் இருப்பது காகிதம். சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர் அந்த விவரத்தை உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரமாக வெளியிட வேண்டும். எத்தனை கார், எத்தனை கிலோலிட்டர் தண்ணீர், மழைநீர் எந்த வாய்க்காலுக்கு, நீர் இறைக்க என்ன கட்டுப்பாடு என்பதெல்லாம் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில் இருக்கும். அவற்றை நிறைவேற்றினாரா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகள் பொது ஆவணம். மனு எழுதிக் கொடுத்தால் யாரும் பிரதி வாங்கலாம்.